விழுந்தவனைக் குடிகாரன் என்றோம்



ஆறு வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றை இன்று எழுதுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தொழிற்சங்கக்காரன் தன் தவற்றை மறைத்துக்கொண்டு நிர்வாகத்தின் தவற்றை மட்டும் பேசினால் அது நியாயமாகாது.

ஒரு செம்பனைத் தோட்டம். பெயர் வேண்டாம். விடியற்காலைப் பெரட்டு. ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்கள். மண்டோர் பெயர் கூப்பிடுகிறார். வரிசையில் நின்ற ஒருவர் திடீரென்று சாய்ந்து அல்லூருக்குள் விழுந்தார். வயது ஐம்பத்து மூன்று. இருபது வருடத்துக்கு மேல் குலை வெட்டியவர். தோள்வலி வந்து உரம் போடும் கூட்டத்துக்கு மாற்றப்பட்டவர். தூக்கி உட்கார வைத்தார்கள். முகமெல்லாம் வேர்வை, பேச்சு குழறியது.

“நேத்து ராத்திரி போட்டது இன்னும் இறங்கல” என்று ஒருவன் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பேச்சு கிராணி வரை போய், மானேஜர் மேசைக்கும் போனது. வேலை இடத்தில் போதையில் இருந்தார் என்று விளக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்குச் சங்கத்தின் சார்பில் போனவன் நான். அவர் என்னிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார். “தம்பி, நான் குடிச்சு நாலு வருஷம் ஆச்சு. புள்ள மேல சத்தியமா நான் குடிக்கல.”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எச்.ஏ. பார்த்தாரா, பிரஷர் பார்த்தாரா, இனிப்பு நீர் பார்த்தாரா என்று கேட்டிருக்க வேண்டும். குடித்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று மேசையைத் தட்டியிருக்க வேண்டும். ஆனால் அவர் முன்பு குடித்த ஆள் என்பது எனக்கும் தெரியும். அந்த நினைப்பில் நானும் மற்றவர்களைப் போலவே முடிவு கட்டிவிட்டேன். “சரிண்ணே, விடுங்க. மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுடலாம். வேலை நிலைக்கணும் இல்லையா?” என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். எச்சரிக்கைக் கடிதத்தோடு விஷயம் முடிந்தது. வேலையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சோறு சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி விழுந்தார். இந்த முறை வீட்டுக் குளியலறைப் படியில். இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு சிறுநீரகமும் ஏறத்தாழப் போய்விட்டன என்று. பதினைந்து வருடமாக இனிப்பு நீர். இரத்தமும் பாதியாகக் குறைந்திருந்தது. பெரட்டில் அன்று விழுந்தது பசி வயிற்றில் மாத்திரை போட்டு இனிப்பு இறங்கியதால் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். குழறிய பேச்சு, வேர்வை, தள்ளாட்டம் எல்லாம் அதன் அடையாளங்கள்தானாம். போதையைப் போலவே இருக்குமாம்.

இப்படி எத்தனை பேரைக் குடிகாரன் என்றோம்? எத்தனை பேருக்குக் காத்துக் கருப்பு என்று எலுமிச்சம்பழம் சுற்றினோம்? எத்தனை கிழவிகளை “கண்ணு தெரியல, பாத்து நடக்கக் கூடாதா” என்று ஏசினோம்?

சிறுநீரக நோய் சத்தம் போடாத நோய். மேற்கு மலேசியாவில் 2011ஆம் ஆண்டு எடுத்த கணக்கில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு அது இருந்தது. 2018ஆம் ஆண்டு நாடு முழுவதும் பார்த்தபோது நூற்றுக்கு 15 பேருக்கும் மேல். அந்த நோய் உள்ளவர்களில் தனக்கு இருப்பது தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான் என்பது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. மற்றவர்கள் எல்லாம் நம் அண்ணனைப் போல, ‘கொஞ்சம் அசதி’ என்று வேலைக்குப் போய் வருகிறவர்கள். நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மூல காரணம் இனிப்பு நீர். நம் தோட்டத்து லயங்களில் இனிப்பு நீர் இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம், மற்றதை நான் சொல்லத் தேவையில்லை.

சரி, கிட்னி போனால் ஆள் ஏன் விழ வேண்டும்? இதை நானும் டாக்டரிடம் கேட்டேன். கிட்னி மூத்திரம் பிரிக்கிற சாமான்தானே, காலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அதற்குப் பிறகு நானும் தேடிப் படித்தேன்.

சிறுநீரகம் கழிவை மட்டும் பிரிப்பதில்லை. இரத்தம் ஊறுவதற்கு உத்தரவு கொடுப்பதும் அதுதான். அது கெட்டால் இரத்தச் சோகை வரும். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி சத்தை உடம்புக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பதும் அதுதான். அது நின்றால் எலும்பு உள்ளுக்குள்ளே உளுத்துப் போகும். வெளியே பார்த்தால் தெரியாது, கறையான் தின்ற பலகை மாதிரி. மற்றவன் விழுந்தால் சிராய்ப்போடு போகிற இடத்தில் இவருக்கு எலும்பு உடையும். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இடுப்பெலும்பு உடைகிற அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கழிவு தேங்கத் தேங்க நரம்பும் மரத்துப் போகிறது, அதோடு இனிப்பு நீரும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். பாதத்தில் தரை இருப்பதே தெரியாது. சிலிப்பர் கழன்று விழுந்தது தெரியாமல் நடந்து போகிறவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். தொடையில் சதை கரைந்து, உட்கார்ந்தால் கையூன்றாமல் எழுந்திருக்க முடியாமல் போகும்.

இன்னொன்று பலருக்கும் தெரியாதது. நாம் போடுகிற இன்சுலினை உடம்பிலிருந்து கழிப்பதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு. சிறுநீரகம் கெடக் கெட அந்த இன்சுலின் உடம்பிலேயே நெடுநேரம் தங்கும். மாத்திரைகளில் சிலதும் அப்படித்தான். போன வருடம் சரியாக இருந்த அளவு இந்த வருடம் அதிகமாகிவிடும். “இனிப்பு நல்லாக் குறைஞ்சிருக்கு, நோய் விட்டுப் போச்சு” என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. நோய் விட்டுப் போகவில்லை ஐயா, கிட்னி விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது! இனிப்பு அடிக்கடி இறங்கினால் மாத்திரை அளவை மாற்ற வேண்டும், அதை டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

டயாலிசிஸ் செய்கிற நாள் இருக்கிறதே, அது தனிக் கதை. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரத்தில் உடம்பிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரை இழுத்துவிடுவார்கள். முடித்துவிட்டு எழுந்து நின்றால் பிரஷர் சட்டென்று இறங்கும், கண் இருட்டும். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எவ்வளவு தண்ணீரும் உப்பும் சேர்க்கிறோமோ அவ்வளவுக்கு அன்று அதிகமாக இழுக்க வேண்டியிருக்கும், தள்ளாட்டமும் அதிகமாகும். கருவாடும் ஊறுகாயும் தின்று தாகம் தாங்காமல் தண்ணீர் குடிப்பதற்கும், மறுநாள் படியில் விழுவதற்கும் தொடர்பு இருக்கிறது என்று யார் நமக்குச் சொன்னார்கள்?

கனடா நாட்டின் டொரோன்டோவில் 65 வயதுக்கு மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகள் 162 பேரைக் கவனித்து 2006ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் விழுந்திருக்கிறார்கள், பலர் ஒரு தடவைக்கு மேல். அது நல்ல ரோடும் நல்ல விளக்கும் உள்ள ஊர். நம் நிலைமையைப் பாருங்கள். மையத்து வேன் ரோட்டு முனையில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து லயத்துக்கு அரைக் கட்டை தூரம், லாரி போன பள்ளமும் செம்மண் சேறும். மத்தியான வெயில். கையில் குத்திய இடத்தில் பஞ்சு. அந்த நிலையில் ஒரு மனிதர் தனியாக நடந்து வருகிறார்! மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வருவோரையும் பார்க்கிறேன், தூங்கி விழுந்தபடி.

வீட்டுக்கு வருவோம். வீட்டிலும் விழுகிறார்கள், இரவிலும் விழுகிறார்கள். சிறுநீரக நோயின் ஆரம்பத்தில் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்க வேண்டி வரும். தண்ணி மாத்திரை சாயங்காலம் போட்டால் இன்னும் மோசம். பழைய லயத்து வீட்டின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். முன்னால் கூடம், நடுவில் அறை, பின்னால் அடுப்படி, அடுப்படியைத் தாண்டி இரண்டு மூன்று படி இறங்கினால் குளியலறையும் கக்கூசும். படியில் பாசி. பல்பு போய் ஆறு மாதமாகி இருக்கும். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. அரைத் தூக்கத்தில், மரத்த காலோடு, பிரஷர் இறங்கிய தலையோடு ஒரு மனுஷி அங்கே போய் வர வேண்டும். விழாமல் இருந்தால்தான் அதிசயம்.

மனுஷி என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்கள் விழுந்தால் ஊருக்குத் தெரிகிறது. பெண்கள் விழுந்தால் மறைக்கிறார்கள். எங்கள் அத்தை ஒருவர் ஒரே வருடத்தில் நாலு தடவை விழுந்திருக்கிறார். ஐந்தாவது தடவை மணிக்கட்டு உடைந்த பிறகுதான் முன்னதெல்லாம் வெளியே வந்தது. “ஏன் அத்தை சொல்லல?” என்றால், “சொன்னா பேரப்புள்ளயத் தூக்க விடமாட்டாங்கப்பா” என்கிறார். ஒரு கிழவிக்கு வீட்டில் இருக்கிற ஒரே வேலை, ஒரே மரியாதை அந்தப் பிள்ளையைத் தூக்குவதுதான். அது போய்விடும் என்று பயம். அதனால் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் “விழுந்தியா?” என்று அதட்டாதீர்கள். “எப்ப தலை சுத்துது, எந்த இடத்துல கால் இடறுது?” என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை வரும்.

ஆண்களும் வேறு ஒரு பயத்தால் மறைக்கிறார்கள். அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால் வீடு போச்சு. கிட்னி என்று தெரிந்தால் போர்ட் பண்ணி அனுப்பிவிடுவார்கள், சாமானைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அதனால் கிளினிக்குக்குப் போவதில்லை. போனாலும் கடைசி வரைக்கும் மண்டோரிடம் சொல்வதில்லை. தலை சுற்றினால் ஒரு செம்பனை மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார்கள், பிறகு உர வாளியைத் தூக்குகிறார்கள். இவர்களைப் பார்த்து ‘ஏன் முன்னாடியே டாக்டரைப் பார்க்கல’ என்று கேட்கிறவர்களுக்கு, கேட்பதற்கு முன் தன் தலைக்கு மேல் இருக்கிற கூரை யாருடையது என்று பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.

நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியது பெரிய தொகை இல்லை. நோய் கண்டவருக்கு இலேசான வேலை. சரிவிலும் பாலத்திலும் நிற்காத வேலை, வெயிலில் மூட்டை சுமக்காத வேலை. டயாலிசிஸ் நாளில் அவரை வேலைக்கு எதிர்பார்க்கக் கூடாது, அதற்காகக் கடிதமும் கொடுக்கக் கூடாது. குளியலறைக்குக் கைப்பிடி, படிக்கு விளக்கு. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. வீட்டைப் பழுது பார்த்து வைத்திருப்பது அவர்கள் பொறுப்பு. இதைப் பிச்சை கேட்பது போலக் கேட்க வேண்டியதில்லை. ஒரு கைப்பிடிக் குழாய் ஐம்பது அறுபது வெள்ளிக்குள் முடியும். இடுப்பெலும்பு உடைந்தவரை மூன்று மாதம் படுக்கையில் வைத்துப் பார்க்கிற மனைவியின் கூலி எவ்வளவு என்று யாராவது கணக்குப் போட்டார்களா?

பெர்கேசோவைப் பற்றிப் பலருக்கும் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். வேலை இடத்தில் விழுந்து அடிபட்டால், வேலைக்குப் போகும் வழியில் விழுந்தாலும், முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ‘நோயால் விழுந்தான், வேலையால் விழவில்லை’ என்று கிராணியே தீர்ப்புச் சொல்லக் கூடாது. தீர்ப்புச் சொல்ல வேண்டியது பெர்கேசோ. வேலை செய்ய முடியாத நிலை வந்துவிட்டால் இயலாமைப் பென்ஷன் உண்டு, அதற்கு 60 வயதுக்கு முன்பே மனுப் போட வேண்டும். சந்தா கட்டியவர்களுக்கு டயாலிசிஸ் செலவுக்கும் பெர்கேசோ உதவுகிறது. நிபந்தனைகள் இருக்கின்றன, எத்தனை மாதம் சந்தா போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆனால் கேட்காமலே ‘நமக்குக் கிடைக்காது’ என்று விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதில் ஒருவர் காதுத் தோட்டை அடகு வைத்து டயாலிசிஸுக்குக் கட்டிக்கொண்டிருந்தார்.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. உட்கார்ந்து, காலை ஆட்டி, கொஞ்ச நேரம் கழித்து எதையாவது பிடித்து நிற்க வேண்டும். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்துக்கொள்வதில் என்ன வெட்கம்? கிளினிக்கில் உட்கார வைத்து மட்டும் பிரஷர் எடுப்பார்கள். “மிஸ்ஸி, நிக்க வச்சும் ஒரு தடவ எடுங்க” என்று கேளுங்கள். படுத்திருக்கும்போது இருந்ததைவிட நின்றதும் 20 புள்ளி இறங்கினால் அது விழப்போகிற உடம்பு, மருந்தைச் சரிபார்க்க வேண்டும். நீங்களாக பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு வம்பு. கிட்னி நோயில் வருகிற அரிப்புக்குத் தூக்க மாத்திரை போன்ற மருந்து கொடுப்பார்கள், அதைப் போட்டால் தள்ளாடும். கடையில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரை இருக்கிற கிட்னியையும் கெடுத்துவிடும். அடிபட்ட வலிக்கு அதைப் போட்டு மேலும் கெடுத்துக்கொண்டவர்கள் நம்மில் நிறைய. வீட்டு ஓரத்தில் பிளிம்பிங் மரம் இருந்தால் அந்தப் பழத்தைக் கிட்னி நோயாளிக்குக் கொடுக்கவே கூடாது. விடாத விக்கல் வரும், புத்தி தடுமாறும், வலிப்பு வரைக்கும் போகும்.

விழுந்துவிட்டால்? உடனே கையைப் பிடித்து இழுத்துத் தூக்குகிறோம். டயாலிசிஸ் ஊசி போடுகிற கையை இழுக்கக் கூடாது, அந்தக் கைதான் அவர் உயிர்க் கயிறு. அதில் இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தலையில் அடிபட்டிருந்தால், நல்லாப் பேசுகிறாரே என்று படுக்க வைத்துவிடாதீர்கள். டயாலிசிஸ் செய்யும்போது இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்திருப்பார்கள், மூளைக்குள் கசிந்தால் வெளியே தெரியாது. முதலில் நன்றாகத்தான் பேசுவார், விடிந்தால் எழுப்ப முடியாது.

கிளைத் தலைவர்களுக்கு ஒன்று. இனிமேல் ‘போதையில் விழுந்தான்’ என்று ஒரு விளக்கக் கடிதம் வந்தால், முதலில் கிளினிக் சீட்டைக் கேளுங்கள். இனிப்பும் பிரஷரும் பார்க்காத வழக்கில் கையெழுத்துப் போட வைக்காதீர்கள். நான் போட வைத்தேன். அந்தக் கடிதம் இன்னமும் அவர் பைலில் இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டேன், பழைய மானேஜர் மாறிவிட்டார், புதியவருக்குத் தெரியாது என்கிறார்கள்.

அண்ணன் இருக்கிறார். கம்பு ஊன்றி நடக்கிறார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அண்ணி இன்னும் புல்லு வெட்டுக்குப் போவதால் வீடு நிற்கிறது. அண்ணிக்கு இன்னும் இரண்டு வருடம்தான் வேலை, அதற்குப் பிறகு என்ன என்று அவர்களும் பேசுவதில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை. குளியலறைக்குக் கைப்பிடி கேட்டு மூன்று மாதத்துக்கு முன் மறுபடி மனுக் கொடுத்தோம். பதில் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பையன்கள் இரண்டு பேரும் நானும் சேர்ந்து பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றை அறுத்து நாங்களே சுவரில் பதிக்கப் போகிறோம். தோட்டத்துச் சுவரில் அனுமதி இல்லாமல் துளை போட்டதற்கு விளக்கக் கடிதம் வந்தால், அதை என் பெயருக்கு அனுப்பும்படி கிராணியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.